டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரும் செவிலியர் கல்வியும்

நோயுற்றுக் கிடப்பவனுக்குப் பணத்தை விடவும் பதவியை விடவும் பெரிதாகத் தோன்றுவது, அருகில் நின்று அவனைத் தொட்டுத் தூக்கும் ஒரு கை. அந்தக் கைக்கு அறிவு இருக்குமானால் உயிர் பிழைக்கிறது. இல்லாவிடின், அன்பு எவ்வளவு இருப்பினும் உயிர் நழுவிவிடுகிறது. இவ்வுண்மையைத் தம் இளமையில் ஓர் இரவில் கண்டுணர்ந்து, பின்னர் அரை நூற்றாண்டுக் காலம் அதற்காகவே உழைத்தவர் வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் பெயரை மருத்துவமனையோடு சேர்த்து அறிந்தோர் பலர். செவிலியர் கல்விக்கு அவர் இட்ட அடித்தளத்தை அறிந்தோர் சிலரே. நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரைக் கையில் ஏந்தும் இளைஞர்களுக்கு அவ்வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அம்பத்தூர், ஆவடி நிலையங்களின் வழியே மேற்கு நோக்கி ஓடும் இருப்புப்பாதையை நாம் நாள்தோறும் காண்கிறோம். 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் ஓடிய பாதை அதுவே. பூந்தமல்லியைத் தொட்டுச் செல்லும் பெருஞ்சாலையும் அதே திசையில் இராணிப்பேட்டைக்கும் வேலூருக்கும் செல்கிறது. நம் ஊர்களிலிருந்து தீராத நோயாளிகளை அழைத்துக்கொண்டு காட்பாடிக்கு வண்டி ஏறியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அவ்வழியில் உள்ள இராணிப்பேட்டையில்தான் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் ஐடா அம்மையார் பிறந்தார்.

பிறப்பும் இளமையும்

அவருடைய பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் 1819ஆம் ஆண்டு அமெரிக்காவினின்று புறப்பட்டு இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணப் பகுதியில் மருத்துவத் தொண்டு புரிந்தவர். அவர் மக்களும் பேரப்பிள்ளைகளும் பலர் தென்னாட்டிலேயே பணியாற்றினர். ஐடாவின் தந்தையாரும் மருத்துவரே. எனினும் சிறுமி ஐடாவுக்கு இந்நாட்டு வாழ்க்கையில் விருப்பம் இருக்கவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, பசியால் எழ முடியாது கிடந்த குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை ஊட்டியவள் அந்தச் சிறுமி. அக்காட்சிகள் அவர் உள்ளத்தில் அச்சமாகவே பதிந்தன. பின்னர் அமெரிக்காவில் கல்வி பயின்றபோது, அங்கேயே மணம் புரிந்து அமைதியாக வாழ வேண்டும் என்பதே அவர் எண்ணமாயிருந்தது.

தாயார் நோயுற்றார் என்ற செய்தி வரவே, சிறிது காலம் உதவி செய்து திரும்பிவிடும் கருத்துடன் அவர் திண்டிவனம் வந்தார். அப்போது அவர் இருபது வயதைக் கடந்த இளம்பெண்.

மூன்று மரணங்கள்

திண்டிவனத்தில் ஓர் இரவு, பேறுகால வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்றுமாறு மூவர் ஒருவர்பின் ஒருவராக அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர்; ஒருவர் முகம்மதியர்; மற்றொருவர் வேறொரு சாதி இந்து. தமக்கு மருத்துவம் தெரியாது, தம் தந்தையார் வருவார் என்று ஐடா கூறினார். ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதற்கு அம்மூவரும் இசையவில்லை. வந்த வழியே திரும்பிச் சென்றனர். பொழுது விடிந்தபோது அம்மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி கிடைத்தது. அவ்விரவே அவர் வாழ்க்கையின் திசையை மாற்றியது.

இந்நிகழ்ச்சியைப் பலரும் எழுதியுள்ளனர். நம் சமுதாயத்தினர் இதனை மற்றொரு கண்ணோடும் நோக்க வேண்டும். யார் யாரைத் தொடலாம் என்னும் கட்டுப்பாடு நம்மைத்தான் சேரிக்குள் அடைத்து வைத்தது என்று நாம் எண்ணுகிறோம். அதே கட்டுப்பாடு மேல்வீதிப் பெண்களின் உயிரையும் குடித்தது. அக்காலத்தில் பிள்ளைப்பேற்றின் இரத்தமும், கொப்பூழ்க்கொடியும், நோயாளியின் மலசலமும் தீட்டு எனப்பட்டன. அத்தீட்டைத் தொடும் வேலை தாழ்ந்த குலத்துப் பெண்கள்மேல் சுமத்தப்பட்டது. வேலையைச் செய்தவளுக்குக் கல்வி மறுக்கப்பட்டது. கல்வி பெற்றவர்களோ அவ்வேலையைத் தொட மறுத்தனர். கையும் அறிவும் இவ்வாறு பிரிக்கப்பட்டதனால் நேர்ந்த சாவுகளுக்குக் கணக்கு இல்லை.

ஒரு கட்டிலில் தொடங்கிய பணி

அமெரிக்கா திரும்பிய ஐடா மருத்துவம் பயின்று, 1899ஆம் ஆண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார். வந்த சில மாதங்களிலேயே தந்தையார் இறந்தார். துணையற்று நின்ற அப்பெண் மருத்துவர், வீட்டின் ஒரு சிறிய அறையில் ஒரே கட்டிலுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். முதலில் தயங்கிய மக்கள் பின்னர் திரண்டு வந்தனர். இரண்டே ஆண்டுகளில் 5,000 நோயாளிகளை அவர் கவனித்தார்.

அப்போது அவருக்குத் துணை நின்றவர் யார் தெரியுமா? படித்துப் பட்டயம் பெற்ற செவிலியர் எவரும் அங்கே இல்லை. அவ்வீட்டுப் பணியாளரின் மனைவியான சலோமி என்னும் பெண்மணிக்கு அவரே அருகிலிருந்து கற்பித்தார். கருவிகளைக் கொதிநீரில் தூய்மை செய்வது முதல் அறுவைச் சிகிச்சையில் கை கொடுப்பது வரை சலோமி கற்றுக்கொண்டார். வேலூரில் பின்னாளில் வளர்ந்த செவிலியர் கல்விக்கு முதல் மாணவி ஒரு வீட்டுப் பணியாளர் குடும்பத்துப் பெண் என்பதை நம் பிள்ளைகள் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

நியூயார்க்கில் வங்கி நடத்திய ஷெல் என்பவர் மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் நன்கொடை அளித்தார். அதனைக் கொண்டு 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை 1902ஆம் ஆண்டு எழுந்தது. 1906ஆம் ஆண்டு முதல் அம்மையார் சிற்றூர்களை நாடிச் சென்று சாலையோர மருத்துவம் தொடங்கினார். குடியாத்தம் செல்லும் சாலையில் மரநிழலே மருத்துவமனை ஆயிற்று. புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுவதும், கண்ணோய்க்கு மருந்து விடுவதும், நகருக்கு வர வேண்டிய நோயாளியைப் பிரித்தெடுப்பதும் அங்கே நடைபெற்றன. வேறெங்கும் அண்டவிடப்படாத தொழுநோயாளிகளும் அம்மரநிழலில் வரிசையில் நின்றனர்.

1909ஆம் ஆண்டுச் செவிலியர் பள்ளி

மருத்துவர் வந்து பார்ப்பது சில மணித்துளிகள். எஞ்சிய நேரம் முழுவதும் நோயாளியின் உயிர் செவிலியரின் கையில் இருக்கிறது. அறுவை நன்றாக முடிந்த பின்னரும், இரவில் காய்ச்சல் ஏறுவதைக் காணாது விட்டால் உழைப்பு வீணாகும். இதனைப் பட்டறிவால் உணர்ந்த அம்மையார், டிலியா ஹவுட்டன் என்னும் அமெரிக்கச் செவிலியரின் துணையுடன் 1909ஆம் ஆண்டு வேலூரில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

சென்னைப் பெரிய மருத்துவமனையில் 1871ஆம் ஆண்டிலேயே செவிலியர் பயிற்சி தொடங்கியிருந்தது. ஆயினும் நாட்டுப்புறத்துப் பெண்களுக்கு அது எட்டாத தொலைவில் இருந்தது. வேலூரில் தொடங்கிய பள்ளிக்கும் மாணவியர் எளிதில் கிடைத்துவிடவில்லை. பிறர் உடலைத் தொட்டுத் துடைக்கும் வேலைக்குத் தம் பெண்ணை அனுப்ப உயர்சாதிக் குடும்பங்கள் முன்வரவில்லை. நம் நாட்டில் அத்தொழிலுக்கு முதன்முதல் வந்தோரில் பெரும்பாலோர் கிறித்தவ இல்லங்களின் பெண்களும், கைம்பெண்களும், ஆதரவற்றோரும் ஆவர். ஆர்க்காட்டுப் பகுதிச் சிற்றூர்க் கிறித்தவ சபைகளிலோ தாழ்த்தப்பட்ட குலத்தினரே மிகுதி.

சாதி மருத்துவமனை வாயிலோடு நின்றுவிடவும் இல்லை. தண்ணீர்க் குவளையிலும் சோற்றுத் தட்டிலும் அது உள்ளே புகுந்தது. ஆயினும் காய்ச்சலில் உணர்விழந்து கிடக்கும் நோயாளிக்கு, நெற்றியில் ஈரத்துணி இடும் கை எக்குலத்தது என்று கேட்கும் ஆற்றல் இல்லை. பயிற்சி பெற்ற பெண்ணின் கை, நாடி பார்த்துக் குறிப்பேட்டில் எழுதியது. அக்குறிப்பைப் படித்தே மருத்துவர் மருந்தை மாற்றினார். முன்பு தீட்டு எனப்பட்ட அதே வேலை, எழுத்தறிவும் உடற்கூற்றறிவும் சேர்ந்தபோது மதிப்புக்குரிய கல்வி ஆயிற்று. 1926ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. பதிவேட்டில் பெயர் ஏறிய தொழிலராக அவர்கள் நின்றனர்.

கல்லூரியாக வளர்ந்த வரலாறு

பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அம்மையார் 1918ஆம் ஆண்டு தொடங்கினார். பெண்களால் இப்படிப்பு இயலுமா என்று ஐயுற்றோர் பலர். முதல் அணி மாணவியர் 14 பேர் 1922ஆம் ஆண்டு தேறி வெளிவந்து அவ்வையத்தைப் போக்கினர். பின்னர், 1938ஆம் ஆண்டில், பட்டப்படிப்புத் தரத்திற்கு உயராத மருத்துவப் பள்ளிகள் இனி நடைபெற இயலாது என்ற நிலை ஏற்பட்டது. கட்டடமும் கருவியும் ஆசிரியரும் பன்மடங்கு பெருகினாலன்றி பள்ளியை மூட நேரும். எழுபது வயதை எட்டிய அம்மையார் அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினார். 1942ஆம் ஆண்டு முதல் அங்கே பட்டப்படிப்பு நடைபெறலாயிற்று.

அடுத்து, செவிலியர் கல்வியும் உயர்ந்தது. 1946ஆம் ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புடன் வேலூரில் செவிலியத்திற்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியது. அதே ஆண்டில் டெல்லியிலும் ஒரு கல்லூரி எழுந்தது. இந்தியாவில் செவிலியர் பட்டம் பெறும் வழி இவ்விரண்டாலும் திறந்தது. அவ்வாண்டு வெளியான போர் குழுவின் அறிக்கை, இந்நாட்டில் 43,000 மக்களுக்கு ஒரு செவிலியரே இருப்பதாகக் கணக்கிட்டுக் காட்டியது. அவ்வறிக்கையோடு சேர்த்து நோக்கினால் அம்முயற்சியின் அருமை விளங்கும். 1946ஆம் ஆண்டிலேயே அம்மையார் ஓய்வு பெற்றார். அவருக்குப்பின் நிறுவனப் பொறுப்பு டாக்டர் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண்மணியின் கைக்கு வந்தது.

சிக்கலான நோயும் செவிலியர் பயிற்சியும்

பட்டப்படிப்பு எதற்கு, அன்பும் பொறுமையும் போதாவா என்று கேட்போர் இன்றும் உளர். வேலூரின் பிற்கால வரலாறே அதற்கு விடை கூறும்.

1948ஆம் ஆண்டளவில் அங்கே டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுவதாக மக்கள் நம்பியிருந்தனர். நரம்பு கெட்டதனால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சூடும் முள்ளும் காயப்படுத்துகின்றன. அக்காயம் கவனிப்பாரற்றுச் சீழ் பிடிக்கிறது. அவ்வளர்ந்த புண்களே விரலைப் பறிக்கின்றன என்பது அங்கு தெளிவாயிற்று. ஆகவே செவிலியரின் வேலை புண்ணைக் கட்டுவதோடு முடியவில்லை. நாள்தோறும் காலையும் கையையும் கண்ணால் ஆராயும்படியும், செருப்பு அணியும்படியும், சூடான பாத்திரத்தைத் துணியால் பிடிக்கும்படியும் நோயாளிக்குக் கற்பிக்க வேண்டியதாயிற்று. 1955ஆம் ஆண்டு அருகிலுள்ள கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும் எழுந்தது.

அம்மையாரின் மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டு மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்பின்கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அறுவைச் சிகிச்சை புரிந்த அவர் முயற்சியால், 1966ஆம் ஆண்டு பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் அமைந்தது. முதுகுத்தண்டு அடிபட்டவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல் வேண்டும். தவறினால் படுக்கைப் புண் உண்டாகும். சிறுநீர் தேங்கினால் நோய்க்கிருமி பெருகிச் சிறுநீரகம் கெடும். மனம் உடைந்தவனுக்கு மருந்து மட்டும் பயன்படாது. ஓர் உடலில் இத்தனையும் ஒருங்கே நிகழும்போது, எதனை முதலில் காண்பது என்னும் தெளிவைப் பயிற்சியே தரும். 1960களில் இதயத்தைத் திறந்து செய்யும் அறுவையும், 1971ஆம் ஆண்டில் சிறுநீரக மாற்று அறுவையும் அங்கே நடைபெற்றபோது செவிலியரின் பொறுப்பு மேலும் பெருகியது.

நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் உழைத்த ஒருவர் காலில் ஆறாத புண்ணுடன் மருத்துவமனையில் சேர்கிறார். அவருக்கு நீரிழிவு உண்டு, இரத்த அழுத்தம் உண்டு, சிறுநீரகமும் தளர்ந்துள்ளது. பயிற்சியற்றவர் கண்ணுக்குப் புண் மட்டுமே தெரியும். செவிலியர் மாணவி, அப்பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறாள். தொழுநோயாளிக்குக் கற்பித்த அதே பாதப் பாதுகாப்பு நீரிழிவு நோயாளிக்கும் வேண்டும் என்பதை அவள் அறிவாள். இன்சுலின் ஊசி போட்டபின் அவர் உணவு உண்ணவில்லையானால், வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரக்கூடும் என்று எதிர்பார்த்துக் கவனிக்கிறாள். குடித்த நீரையும் கழிந்த சிறுநீரையும் அளந்து எழுதுகிறாள்; உடல் எடையைக் குறிக்கிறாள். கடையில் வாங்கிய வலி மாத்திரையை அவர் மறைவாக விழுங்குவதைக் கண்டால், அது சிறுநீரகத்திற்குக் கேடு என்று எடுத்துச் சொல்லி மருத்துவருக்கும் தெரிவிக்கிறாள். வீடு திரும்பினால் அவருக்குச் சமைப்பவர் யார், மருந்து வாங்கப் பணம் உண்டா என்றும் வினவுகிறாள்.

இவ்வாறு பல நோய்களின் தொடர்பை ஒரே மனிதனிடத்தில் காணும் திறனை ஒரு நூலைப் படித்து மட்டும் பெற இயலாது. மாணவிக்கு ஒரு நோயாளியை ஒப்படைத்து, அவர் வரலாற்றை எழுதச் செய்து, பராமரிப்புத் திட்டம் வகுக்கச் செய்து, ஆசிரியை கட்டிலருகே நின்று காரணம் கேட்டுத் திருத்தும் முறையே இன்றும் நல்ல கல்லூரிகளில் நடைபெறுகிறது. சலோமிக்கு ஐடா அம்மையார் கட்டிலருகே கற்பித்ததன் விரிவே இது எனலாம்.

நமக்கு உரிய பாடம்

ஐடா அம்மையார் மணம் புரியாது வாழ்ந்து, 1960ஆம் ஆண்டு மே மாதம் கொடைக்கானலில் தம் 89ஆம் வயதில் மறைந்தார். அவர் அயல்நாட்டவர், சமயப் பணி செய்ய வந்தவர், அந்நிய ஆட்சிக் காலத்தில் வாழ்ந்தவர். சாதியை அவர் ஒழித்தார் என்று கூறினால் அது மிகையாகும். ஆனால் கையையும் அறிவையும் பிரித்து வைத்த வேலி ஒன்றில் அவர் வழி திறந்தார். அவ்வழியே நடந்து செல்வது நம் கடமை.

இன்றும் மருத்துவமனைகளுக்குச் சென்று பாருங்கள். தரை துடைப்பவரும், மலச்சட்டி எடுப்பவரும், பிணம் தூக்குபவரும் பெரும்பாலும் நம் தாய்மாரும் தந்தைமாருமே. அவ்வுழைப்பில் இழிவு ஏதும் இல்லை. அவ்வுழைப்பை நம் குலத்திற்கு மட்டும் உரியதாக்கியதே இழிவு. ஒரே கட்டிலைச் சுற்றி நிற்கும் ஆயாவுக்கும் பட்டம் பெற்ற செவிலியருக்கும் இடையே உள்ள தொலைவு நான்காண்டுக் கல்வியே. அத்தொலைவை நம் பிள்ளைகள் கடந்திடல் வேண்டும்.

அதற்குரிய வழிகளை இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம். துணைச் செவிலியர் பயிற்சி 2 ஆண்டு. பட்டயப் படிப்பு 3 ஆண்டு. பட்டப்படிப்பு 4 ஆண்டு. பட்டப்படிப்பில் ஆண்களும் சேரலாம். மேல்நிலை வகுப்பிலேயே அறிவியல் பாடங்களை எடுத்தவர்க்கே பட்டப்படிப்பின் கதவு திறக்கும். ஆதலால் பத்தாம் வகுப்பு முடிந்தவுடனேயே பெற்றோர் இதனைச் சிந்தித்து முடிவு செய்தல் வேண்டும். பட்டத்திற்குப் பின், தீவிர சிகிச்சையில் தனித்திறன் பெறுவதற்கான 2 ஆண்டு முதுநிலைப் படிப்பும் உண்டு. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடருக்கு உரிய 18 விழுக்காடு இட ஒதுக்கீடும், மெட்ரிக் வகுப்பிற்குப் பிந்தைய கல்வி உதவித் தொகையும் நம் முன்னோர் போராடிப் பெற்ற உரிமைகள். அவற்றைக் கேட்டுப் பெறத் தயங்கலாகாது.

ஓர் எச்சரிக்கையும் கூறுதல் கடன். ஆறு மாதத்தில் செவிலியர் ஆக்குவோம் என்று சுவரொட்டி ஒட்டி, ஏழைப் பெற்றோரின் பணத்தைப் பறிக்கும் அங்கீகாரமற்ற நிலையங்கள் உள்ளன. அங்கே தரப்படும் சான்றிதழைக் கொண்டு செவிலியர் பதிவேட்டில் பெயர் ஏறாது. பணம் கட்டுவதற்கு முன், இந்திய நர்சிங் கவுன்சிலின் ஏற்பும் மாநிலக் கவுன்சிலின் ஏற்பும் அந்நிறுவனத்திற்கு உண்டா என்று விசாரித்தறிவது இன்றியமையாதது. படித்தவர்கள் இவ்வகையில் தம் தெருவில் உள்ள குடும்பங்களுக்குத் துணை நிற்பார்களாக. விண்ணப்பம் நிரப்பித் தருவதும், ஆங்கிலம் கற்பிப்பதும், முதலாண்டில் விடுதியில் மனம் தளரும் பெண்ணுக்கு ஆறுதல் கூறுவதும் நம் சங்க உறுப்பினர் ஒவ்வொருவராலும் இயலும்.

வேலூரில் ஒரு கட்டிலும் ஒரு பணிப்பெண்ணும் கொண்டு தொடங்கிய முயற்சி, இன்று நாடெங்கிலும் இருந்து நோயாளிகள் நாடி வரும் நிலையமாக விளங்குகிறது. நம் ஊர்களிலிருந்து அவ்வண்டியில் நோயாளியாக ஏறியவர்களின் பெண்களும் பிள்ளைகளும், இனி மாணவராகவும் செவிலியராகவும் ஆசிரியராகவும் ஏறுவார்களாக. தீட்டு என்று பிறர் ஒதுக்கிய கை, உயிர் காக்கும் கையாக எங்கும் மதிக்கப்படுவதாக!